பாடகியரின் உடையைப் பார்த்தது போதும், உரிமையைப் பார்ப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலைநாட்டுப் பாப் பாடகியர் பெண்ணுக்கென்று வகுக்கப்பட்ட இலக்கணங்களை உண்மையிலேயே மீறுகிறார்களா, அல்லது மீறுவது போன்ற தோற்றத்தை விற்கிறார்களா என்று கேட்டுத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை வாசித்தேன். குட்டைப் பாவாடையும் மேடை நடனமும் பெண் விடுதலை ஆகிவிடாது என்றும், அந்தத் துணிச்சலால் கொழிப்பவை பெரும்பாலும் ஆண்கள் நடத்தும் நிறுவனங்களே என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. அதை அக்கறையோடுதான் எழுப்பியிருக்கிறார் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால், விடை இருக்கும் இடத்தை விட்டு வேறிடத்தில் தேடியிருக்கிறார் என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரை முழுவதும் உடை, உடல், நடனம், காதல் வாழ்க்கை ஆகியவற்றையே சுற்றி வந்தது. பாட்டை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், பதிவுக்கூடத்தில் முடிவெடுத்தவர் யார், பதிவான பாட்டு யாருடைய சொத்து என்ற கேள்விகளில் ஒன்றுகூட அதில் எழவில்லை. பாப் இசையில் ஆணுக்கு இன்ன வேலை, பெண்ணுக்கு இன்ன வேலை என்ற பிரிவினை வகுக்கப்பட்டதே இந்த இடத்தில்தான். பெண் பாடுவாள், ஆண் எழுதுவான், இசை அமைப்பான், பதிவு செய்வான், வரவு செலவு பார்ப்பான் என்பது நெடுங்காலம் யாரும் எழுதி வைக்காமலேயே நடப்பில் இருந்த சட்டம். காலமெல்லாம் வயலில் நாற்று நட்ட பெண்ணின் பெயர் பட்டாவில் இல்லாததைப் போன்ற நிலை இது. ஆகவே, ஒரு பாடகி மரபை மீறினாரா என்று அறிய வேண்டுமானால் அவர் மேடையில் எதை உடுத்தினார் என்று பார்ப்பதைவிட, எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், எதில் கையெழுத்திட மறுத்தார் என்று பார்ப்பதே பொருத்தமாக இருக்கும்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க விரும்புகிறேன். நான் ஒரு மகளிர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிப்பவள். கவிதையில் பேசுகிற குரல் யாருடையது என்ற பாடம் வரும்போது, 'ரெஸ்பெக்ட்' என்ற ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளை வகுப்பில் அடுத்தடுத்து ஒலிக்கவிடுவது என் வழக்கம். முதலாவது, அதை எழுதிய அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் 1965இல் பாடியது. உழைத்துச் சம்பாதித்து வீடு திரும்பும் ஆண் ஒருவன், வீட்டுக்கு வரும் வேளையில் தனக்குரிய மரியாதையைத் தரும்படி தன் பெண்ணிடம் கேட்கிறான். குரலில் கெஞ்சலும் இருக்கிறது. கேட்பது தன் உரிமை என்ற நினைப்பும் இருக்கிறது. குடும்பம் என்றால் இப்படித்தான் என்று அன்றைய உலகம் நம்பிய ஒழுங்கிலிருந்து அந்தப் பாட்டு ஓர் அடியும் விலகவில்லை.

இரண்டாவது பதிவு, அமெரிக்கப் பாடகி அரேதா ஃபிராங்க்ளின் 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடியது. அப்போது அவருக்கு வயது 24. அதற்கு முன் கொலம்பியா நிறுவனத்தில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் இருந்தும், அவரை எந்த வகைப் பாடகியாக முன்னிறுத்துவது என்று அந்நிறுவனத்தாரால் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. அட்லாண்டிக்கில் அவரே பியானோவின் முன் அமர்ந்தார். பின்னணிக் குரல்களைத் தம் சகோதரியருக்குக் கொடுத்தார். பாட்டில் பணம் இப்போது பெண்ணின் கையில் இருக்கிறது. என் பணம் முழுவதையும் உனக்குத் தரப்போகிறேன், அதற்கு ஈடாக எனக்குரிய மதிப்பைத் தா என்று கேட்பவள் அவள். ரெட்டிங்கின் பதிவில் இல்லாத ஒன்றையும் அரேதாவும் தங்கை கேரொலினும் சேர்த்தார்கள். மரியாதையைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லின் ஏழு எழுத்துகளையும் ஒவ்வொன்றாக, எதிரே நிற்பவனுக்குப் பாடம் சொல்வதுபோல் அரேதா உச்சரிக்கும் அந்தப் பகுதியை, பாட்டின் பெயரே அறியாதவர்கள்கூட எங்கேனும் கேட்டிருப்பார்கள். முதல் பதிவுக்கு மெல்லத் தலையசைக்கும் என் மாணவியர், இந்த இடம் வரும்போது நிமிர்ந்து உட்காருவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். வரிகள் பெரும்பாலும் அவையேதான். பேசுபவர் மாறியதும் வீட்டின் அதிகாரக் கணக்கே மாறிவிடுகிறது.

அப்பாட்டு 1967 ஜூனில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் பெண்கள் இயக்கமும் ஒருசேர அதைத் தம் பாட்டாக எடுத்துக்கொண்டன. அதே மாதம் மாண்டரே இசைவிழா மேடையில் ரெட்டிங்கே, ஒரு பெண் தன்னிடமிருந்து கொண்டுபோய்விட்ட பாட்டு என்று சொல்லித்தான் அதைப் பாடத் தொடங்கினார். இவ்வளவும் நடந்த பின்னும், பாடலாசிரியர் என்ற இடத்தில் ரெட்டிங்கின் பெயர் மட்டுமே நின்றது. அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் அதை எழுதியவருக்கும் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கும் மட்டுமே பணம் தர வேண்டும். பாடியவருக்குத் தர வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. பாட்டின் பொருளையே திருப்பிப்போட்ட அரேதாவுக்கு, அது வானொலியில் ஒலித்த கணக்கில்லாத தடவைகளுக்காக அந்த வகையில் எதுவும் வரவில்லை. 2018இல் அவர் மறையும்போதும் சட்டம் அப்படியே இருந்தது. குரல் ஒருவருடையது, பயன் இன்னொருவருடையது என்ற நிலை இதுதான்.

எழுதும் உரிமையின் மதிப்பை நன்கு உணர்ந்திருந்தவர் அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன். டென்னசி மலைப்பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர், போர்ட்டர் வாகனர் என்ற புகழ்பெற்ற பாடகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சுமார் ஏழு ஆண்டுகள் இணைந்து பாடிவிட்டு, தனியே செல்வதென்று முடிவெடுத்தபோது அவரிடம் விடைபெறுவதற்காக எழுதிய பாட்டுதான் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. 1974இல் அது வெளியாகி வெற்றி பெற்றதும் எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். ஆனால் எல்விஸின் மேலாளர் டாம் பார்க்கர், பாட்டின் பதிப்புரிமையில் பாதியைத் தந்தால்தான் பதிவு நடக்கும் என்று நிபந்தனை விதித்தார். அன்று எல்விஸ் பாடுவது என்பது எந்தப் பாடலாசிரியருக்கும் கிடைத்தற்கரிய பேறு. டாலி மறுத்துவிட்டார். அன்றிரவு முழுவதும் அழுததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1992இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடி, அது அமெரிக்கத் தரவரிசையில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றபோது, அதன் ராயல்டி எழுதியவருக்கே வந்து சேர்ந்தது. பளபளக்கும் உடையும் உயரமாக அலங்கரித்த தலைமுடியும் கொண்ட டாலியின் தோற்றத்தை மட்டும் பார்த்து, ஆண்கள் விரும்பும் பொம்மை என்று ஒரு காலத்தில் எழுதியவர்கள் உண்டு. அந்தத் தோற்றத்துக்குள் இருந்தவர், தொழிலில் பழுத்த ஆண்களுடன் பேரம் பேசி விட்டுக்கொடுக்காமல் வந்த பெண் என்பதை அவர்கள் பார்க்கவில்லை.

டீனா டர்னரின் வாழ்க்கை இதைவிடக் கடுமையானது. ஆனா மே புல்லக் என்ற இயற்பெயர் கொண்ட அவருக்கு, 1960இல் முதல் பெரிய பதிவு வெளியானபோது டீனா டர்னர் என்று பெயர் சூட்டியவர் அவர் பாடிவந்த இசைக்குழுவின் தலைவரும் பின்னாளில் கணவருமான ஐக் டர்னர். அவர் அந்தப் பெயரைத் தம் வணிகச் சொத்தாகப் பதிவும் செய்து வைத்தார். இந்தப் பாடகி விலகிப் போனால், இன்னொரு பெண்ணை நிறுத்தி அவளையும் டீனா டர்னர் என்று அழைக்கலாம் என்பதே அதன் உட்பொருள். பல ஆண்டுகள் அடியும் உதையும் பட்ட பின், 1976 ஜூலையில் டல்லாஸ் நகரில் கணவர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் டீனா விடுதியை விட்டு ஓடினார். அப்போது அவரிடம் இருந்தது 36 சென்ட் நாணயமும் பெட்ரோல் நிலையம் ஒன்றின் கடன் அட்டையும். 1978இல் முடிவுக்கு வந்த மணவிலக்கு வழக்கில் பணத்தையும் பாட்டுகளின் வருமானத்தையும் விட்டுக்கொடுத்து, ரத்தான நிகழ்ச்சிகளுக்கான கடனையும் தாமே ஏற்று, டீனா டர்னர் என்ற பெயரை மட்டும் தமக்கு வேண்டுமென்று கேட்டுப் பெற்றார்.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவர் செய்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. சிறிய விடுதிகளில் பாடிக் கடனை அடைத்தார். 1984இல், பாப் உலகம் பெண்களை ஓய்வுக்கு அனுப்பிவிடும் 44ஆம் வயதில், அமெரிக்கத் தரவரிசையின் முதலிடத்தை அடைந்தார். 1988 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் சுமார் 1,80,000 பேர் அவருடைய பாட்டைக் கேட்கத் திரண்டார்கள். மேடையில் அவர் குட்டைப் பாவாடையும் உயர்ந்த குதிகால் செருப்பும் அணிந்திருந்தார் என்பது உண்மையே. கணவரின் பிடியில் இருந்த நாட்களிலும் அதே போன்ற உடைகளைத்தான் அணிந்திருந்தார். உடை மாறவில்லை, நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் யார் கையில் இருந்தது என்பதுதான் மாறியது. கட்டுரையாளரின் அளவுகோலால் இந்த இரண்டு டீனாக்களையும் வேறுபடுத்திப் பார்க்கவே முடியாது.

தந்தையின் பொறுப்பில் மகள் என்ற ஏற்பாடு நம் வீடுகளுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் பிரிட்னி ஸ்பியர்ஸின் வழக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். 2008 முதல் 2021 நவம்பர் வரை 13 ஆண்டுகளுக்கும் மேலாக, கலிஃபோர்னிய நீதிமன்ற ஆணையின்படி அவருடைய பணமும் வாழ்க்கை முடிவுகளும் பிறர் பொறுப்பில் இருந்தன. அதில் பெரும்பகுதி அவருடைய தந்தையின் பொறுப்பில் இருந்தது. அதே காலத்தில் அவர் இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். லாஸ் வேகாஸ் அரங்கில் ஆண்டுக்கணக்காக நிகழ்ச்சி நடத்திப் பெரும் பணம் ஈட்டித் தந்தார். உழைக்கத் தகுதியுள்ளவர், உழைத்த பணத்தை ஆளத் தகுதியற்றவர் என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம். மீண்டும் மணம் செய்யவும் குழந்தை பெறவும் விரும்புகிறேன், இந்த ஏற்பாடு அதற்குத் தடையாக நிற்கிறது என்று 2021 ஜூன் மாதம் அவர் நீதிமன்றத்தில் சொன்ன பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. அதற்கு முன் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஏடுகள் அவருடைய உடையையும் உடல் எடையையும் தலைமுடியையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தன.

உடையிலும் தோற்றத்திலும் அர்த்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆணின் கோட்டும் ஒட்ட வெட்டிய தலைமுடியுமாக 1983இல் பிரிட்டிஷ் பாடகி அன்னி லெனாக்ஸ் தோன்றியபோது, பெண் முகம் என்றால் இப்படி என்ற நினைப்பு பலருக்கும் ஆட்டம் கண்டது. மடோனாவின் உடைகளைப் பற்றி எழுதப்பட்டவற்றுக்கு அளவே இல்லை. ஆனால் அவர் 1992இல் டைம் வார்னருடன் கூட்டுச் சேர்ந்து மேவரிக் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, பிற கலைஞர்களின் பதிவுகளையும் வெளியிடும் முதலாளியாக அமர்ந்ததைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. முதலாவதைவிட இரண்டாவதே அந்தத் தொழிலின் ஆண்களை அதிகம் தொந்தரவு செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

தமிழ் வாசகர்களுக்கு மிக நெருக்கமான ஒருவரைக் கட்டுரை முற்றிலும் விட்டுவிட்டது எனக்கு வருத்தமே. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குச் சென்று, போர்ச் சூழலில் 1986இல் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் அகதியாக லண்டன் திரும்பியவர். ஓவியமும் திரைப்படமும் பயின்றவர். இசைக்கு வந்ததும், ரோலண்ட் நிறுவனத்தின் தாளக்கருவி ஒன்றை இரவல் வாங்கி, அறைக்குள் அமர்ந்து தாமே தாளங்களைக் கோத்துப் பழகினார். 2005இல் வெளியான முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரையும், 2007இல் வெளியான இரண்டாவது தொகுப்புக்குத் தாயின் பெயரையும் சூட்டினார். அவருடைய அரசியல் கருத்துகள் அனைத்தோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அது இங்கே பேச வேண்டிய பொருளும் அன்று. இசையில் அவர் செய்ததும், அதை உலகம் எழுதிய விதமும்தான் என் அக்கறை.

அந்த இரண்டாவது தொகுப்பை அமெரிக்காவில் பதிவு செய்வதென்று முடிவாகியிருந்தது. விசா கிடைப்பதில் சிக்கல் வந்ததால் அவர் ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தார். அவற்றில் சென்னையும் ஒன்று. நம் கோயில் விழாக்களிலும் சாவு வீடுகளிலும் முழங்கும் உறுமியை, அதை வாசிக்கும் கலைஞர்களைக் கொண்டே சென்னையில் பதிவு செய்து, மேலைநாட்டு நடன அரங்குகளில் அதிர வைத்தார். நம் ஊர்களில் உறுமி ஆண்களின் கருவி. அதை அடிக்கும் ஆண்கள் சூழ்ந்திருக்க, எந்த இடத்தில் தாளம் நிற்க வேண்டும், எங்கே மீண்டும் எழ வேண்டும் என்று முடிவெடுத்த இடத்தில் ஓர் ஈழத்துப் பெண் இருந்தார் என்பதை நாம் இன்னும் போதிய அளவு பேசவில்லை.

மேலை ஏடுகளோ வேறொன்றைப் பேசின. அவருடன் சில பாட்டுகளில் பணியாற்றிய டிப்லோ என்ற ஆண் தயாரிப்பாளர்தான் அந்த இசைக்கெல்லாம் மூளை என்பதுபோல் தொடர்ந்து எழுதப்பட்டது. முதல் தொகுப்பின் பெரும்பகுதி தாம் அவரைச் சந்திப்பதற்கு முன்பே உருவானது என்று எம்.ஐ.ஏ. 2007இல் ஒரு பேட்டியில் கோபத்தோடு மறுக்க வேண்டியிருந்தது. ஒரு பெண் தன் வேலையைத் தானே செய்தேன் என்று நிறுவுவதற்காகத் தனியாகப் பேட்டி கொடுக்க வேண்டிய நிலையில்தான் அந்தத் தொழில் அன்று இருந்தது.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க், 2001இல் வெளிவந்த தம் தொகுப்பு ஒன்றைப் பற்றி 2015இல் மனம் திறந்து பேசினார். அதன் தாளங்களில் நூற்றுக்கு எண்பதைத் தாமே மூன்றாண்டு உழைத்து, பெரியதொரு பூத்தையல் வேலையைப் போல இழை இழையாகக் கோத்ததாகவும், கடைசி இரண்டு வாரங்களில் வந்து சிலவற்றைச் சேர்த்த ஆண் இசைக்கலைஞர் இருவரே முழுத் தொகுப்பையும் உருவாக்கியவர்கள் என்று எங்கும் எழுதப்பட்டதாகவும் அவர் சொன்னார். ஆண் ஒருமுறை சொன்னால் போதுமானதைப் பெண் ஐந்து முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்றும் குறிப்பிட்டார். அவர் சொன்ன இன்னொன்றும் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. பெண் இசைக்கலைஞர்களை மேடையில் பாடும் கோலத்திலேயே படம் எடுக்கிறார்கள். அவர்கள் வேலை நேரத்தின் பெரும்பகுதியைக் கணினியின் முன்பும் ஒலிக்கலவை மேசையின் முன்பும் கழிப்பதை யாரும் படமெடுப்பதில்லை. ஆகவே அப்படி ஒரு வேலை நடப்பதாகவே மக்கள் எண்ணுவதில்லை. அமெரிக்க ராப் கலைஞர் மிஸ்ஸி எலியட் அந்த மேசையின் முன் அமர்ந்திருக்கும் படம் ஒன்றைப் பார்த்தபோது தமக்கு இது உறைத்ததாக அவர் நினைவுகூர்ந்தார். இசைப்பக்கம் நடத்தும் ஒவ்வோர் ஆசிரியரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

எம்.ஐ.ஏ.யைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 2009 பிப்ரவரி 8 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த கிராமி இசை விருது விழா மேடையில், கோட்டு அணிந்த நான்கு முன்னணி ஆண் ராப் கலைஞர்களுக்கு நடுவே அவர் நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று பாடினார். மருத்துவர்கள் பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளும் அதுவே. சில நாட்களில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. நிறைமாதப் பெண்ணை வீட்டு வாசற்படி தாண்டவிடாத வழக்கத்தில் வளர்ந்த நமக்கு, உடலை மேடையேற்றுவது எப்போது மரபு மீறலாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை. அடுத்தது, 2019இல் இசைப்பணிக்காகப் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, தம் தாய்க்காகவே அதை ஏற்பதாகச் சொன்னார். அகதியாக வந்து குறைந்த கூலிக்கு வேலைக்குச் சேர்ந்த அந்தத் தாய், அதே வகைப் பதக்கங்களை அரண்மனைக்காகக் கையால் தைத்துக் கொடுப்பதிலேயே பல்லாண்டுகளைக் கழித்தவர். தாய் தைத்ததில் அவர் பெயர் எங்கும் இருந்ததில்லை. மகள் தன் இசைத்தொகுப்புக்கு அந்தப் பெயரையே வைத்ததன் எடை அப்போது எனக்கு முழுமையாகப் புரிந்தது.

இனி, கட்டுரையாளர் மிகுதியாகக் குறை கூறிய டெய்லர் ஸ்விஃப்டுக்கு வருகிறேன். காதலர்களை வரிசையாகப் பாட்டில் எழுதிப் பணம் பார்ப்பவர் என்பது அவர்மீது சுமத்தப்படும் பழைய குற்றச்சாட்டு. ஆண் பாடகர்கள் தம் காதலியரைப் பற்றி எழுதினால் யாரும் அவர்களைக் குறை சொல்வதில்லை என்று 2014இலேயே ஸ்விஃப்ட் இதற்கு விடை சொல்லிவிட்டார். நம் சங்கப் பாடல்களில் தலைவி தன் காதலையும் ஏமாற்றத்தையும் ஊரலரையும் பாடுவதைப் பாடமாக நடத்தும் நாம், ஓர் இளம்பெண் தன் காதலைப் பாட்டாக எழுதுவதை இழிவாகக் கருதுவது பொருந்தாது. பாட்டுகளை உண்மையில் அவருடன் சேர்ந்து எழுதுவோரே எழுதுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, 2010இல் வெளியான மூன்றாவது தொகுப்பின் பாட்டுகளை வேறெவர் துணையுமின்றித் தாமே எழுதி அதற்கும் விடையளித்தார்.

பெரிய சோதனை 2019 ஜூனில் வந்தது. பதின்ம வயதில் ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனம், அவருடைய முதல் ஆறு தொகுப்புகளின் மூலப்பதிவுகளோடு, அதாவது பிரதிகள் அனைத்துக்கும் அடிப்படையான அசல் ஒலிப்பதிவுகளோடு, கைமாறியது. வாங்கியவர், தம்மைத் துன்புறுத்தியவர் என்று ஸ்விஃப்ட் வெளிப்படையாகவே கூறிய ஒரு மேலாளர். அடுத்த ஆண்டே அந்தப் பதிவுகள் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் மீண்டும் கைமாறின. பாட்டுகளை எழுதியவர் என்ற உரிமை மட்டும் ஸ்விஃப்டிடம் இருந்தது. அதைக் கொண்டே அவர் பழைய தொகுப்புகளைத் தாமே மறுபடியும் பாடிப் பதிவு செய்தார். 2021க்கும் 2023க்கும் இடையே நான்கு தொகுப்புகள் இவ்வாறு வெளிவந்தன. இரசிகர்கள் புதிய பதிவுகளையே கேட்டார்கள். விளம்பரத்துக்கும் திரைப்படத்துக்கும் பழைய பதிவைக் கொடுக்க, பாடலாசிரியர் என்ற முறையில் அவருடைய ஒப்புதல் தேவைப்பட்டது. 2025 மே மாதம் பழைய மூலப்பதிவுகள் அனைத்தையும் அவர் விலை கொடுத்துத் தம் உடைமையாக்கிக்கொண்டார். அந்த விலையைக் கொடுக்க வழி செய்தது, 149 நிகழ்ச்சிகளில் 200 கோடி டாலருக்கு மேல் வசூலித்த இசைப்பயணம்.

இவ்வளவு செல்வமும் புகழும் உள்ளவருக்குத்தான் இது இயலும் என்ற மறுப்பு எழலாம். அது சரியான மறுப்பே. நானும் அதை ஏற்கிறேன். ஆனால், ஒப்பந்தத்தில் மூலப்பதிவு உரிமை என்று ஒன்று இருக்கிறது என்பதையே அறியாமல் கையெழுத்திட்டு வந்த இளம் கலைஞர்கள், அவருடைய போராட்டத்துக்குப் பின் அதைக் கேட்டுப் பேரம் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். புதிய ஒப்பந்தங்களில் கலைஞர் தம் பாட்டை மீண்டும் பாடிப் பதிவு செய்யக் கூடாத தடைக்காலத்தை நிறுவனங்கள் நீட்டிக்க முயல்வதாகச் செய்திகள் வந்ததே, அடி எங்கே விழுந்தது என்பதைக் காட்டுகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவும் நான் வரவில்லை. அமெரிக்காவில் மிகுதியாகக் கேட்கப்படும் பாட்டுகளை 2012ஆம் ஆண்டுப் பட்டியல் தொடங்கி ஆராய்ந்துவரும் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அனன்பெர்க் ஆய்வுக்குழுவின் கணக்குப்படி, பெரும்பாலான ஆண்டுகளில் இசைத் தயாரிப்பாளர்களில் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேரைக்கூடத் தாண்டவில்லை. சிறந்த தயாரிப்பாளருக்கான கிராமி விருதை, செவ்வியல் இசை நீங்கலான பிரிவில், 2025 வரை ஒரு பெண்கூட வென்றதில்லை. 2018இல் விருது பெற்ற பெண்களின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டபோது, பெண்கள் இன்னும் முன்வர வேண்டும் என்று கிராமி விருதை வழங்கும் அமைப்பின் அன்றைய தலைவர் சொன்னது பெருங்கண்டனத்துக்கு உள்ளானது. முன்வந்த பெண்களின் வேலையை ஆண்களின் பெயரில் எழுதிவந்த ஒரு துறை அப்படிச் சொல்வதற்கு எந்தத் தகுதியும் உடையதன்று.

எனவே, தங்களிடம் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். தங்கள் இசைப்பக்கத்தில் எந்தப் பாட்டைப் பற்றி எழுதினாலும், பாடியவர் பெயரோடு எழுதியவர், இசையமைத்தவர், தயாரித்தவர் பெயர்களையும் தவறாமல் அச்சிடுங்கள். திரைப்படத்துக்கு வெளியே சொந்தமாகப் பாட்டெழுதி, இசையமைத்து, இணையத்தில் வெளியிடும் பெண்கள் தமிழகத்திலும் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் இன்று பெருகிவருகிறார்கள். அவர்களைப் பேட்டி காணும்போது திருமணம் எப்போது, பிடித்த உடை எது, வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்ற கேள்விகளை விடுத்து, இந்தத் தாளத்தை எப்படி அமைத்தீர்கள், எந்தக் கருவியில் பதிவு செய்தீர்கள், வருமானம் யாருக்குப் போகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் தம் பதிவுக்கருவிகளோடு வேலை செய்யும் படத்தை வெளியிடுங்கள். மேற்குறித்த கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள்; அதில் ஒரு பாடகியின் ஒப்பந்தத்தையேனும் எடுத்துக்கொண்டு விரிவாக எழுதும்படி கட்டுரையாளரை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். டீனா டர்னரின் மணவிலக்கு வழக்கிலிருந்து அவர் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி